சோற்றின் கலோரிக் கணக்கீடு

சோற்றின் கலோரிக் கணக்கீடு என்பது ஒருவர் உண்ணும் சோற்றிலிருந்து அவர் பெறும் உணவு ஆற்றலைக் கணக்கிடும் முறையாகும். அரிசி சமைக்கப்படும்போது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. சமைத்து முடித்த சோற்றின் எடை, அதற்குப் பயன்பட்ட அரிசியின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை மடங்கு வரை இருக்கும். நீரில் உணவு ஆற்றல் எதுவும் இல்லை. ஆகவே 100 கிராம் சமைக்காத அரிசியில் ஏறத்தாழ 350 முதல் 365 கிலோகலோரியும், 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 100 முதல் 140 கிலோகலோரியும் உள்ளன. இவ்விரு மதிப்புகளும் சரியானவையே. ஒன்று அரிசிக்கு உரியது, மற்றொன்று சோற்றுக்கு உரியது. அரிசியின் மதிப்பைச் சோற்றின் எடையோடும், சோற்றின் மதிப்பை அரிசியின் எடையோடும் பெருக்குவதே இக்கணக்கில் மிகுதியாக நிகழும் தவறாகும். இத்தவறு விடையை ஏறத்தாழ மூன்று மடங்கு கூட்டியோ, மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோ காட்டும்.

## சொல் வழக்கும் குழப்பமும்

தமிழில் வயலில் விளைவது நெல், உமி நீக்கப்பட்டது அரிசி, சமைக்கப்பட்டது சோறு எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் 'ரைசு' என்ற ஒரே சொல் வழங்குகிறது. எனவே ஆங்கில அட்டவணைகளையும் கைபேசிச் செயலிகளையும் பயன்படுத்துவோர், ஒரு மதிப்பு எந்த நிலைக்கு உரியது என்பதைத் தனியே பார்த்து அறிய வேண்டியுள்ளது.

இதில் இரண்டாவது குழப்பம் ஒன்றும் உண்டு. இந்திய ஆங்கில வழக்கில் 'ரா ரைசு' என்பது பச்சரிசியைக் குறிக்கும். அதாவது நெல்லை அவிக்காமல் உலர்த்தி அரைத்த அரிசி. இதற்கு மாறானது, நெல்லை ஊறவைத்து அவித்துப் பின் அரைத்த புழுங்கலரிசி. ஆனால் அமெரிக்க அட்டவணைகளில் 'ரா' என்ற அடைமொழி சமைக்காத நிலையை மட்டுமே குறிக்கிறது.  இக்கட்டுரையில் 'அரிசி' என்பது சமைக்காத நிலையையும், 'சோறு' என்பது சமைத்த நிலையையும் குறிக்கின்றன. பச்சரிசி, புழுங்கலரிசி ஆகிய சொற்கள் அரிசியின் வகையை மட்டுமே குறிக்கின்றன.

## கலோரி என்னும் அலகு

உணவைப் பற்றிய பேச்சில் 'கலோரி' எனப்படுவது உண்மையில் கிலோகலோரி ஆகும். ஒரு கிலோகலோரி என்பது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவையான வெப்பம். இது 4.184 கிலோயூலுக்குச் சமம். இந்திய உணவு அட்டவணைகள் சில கிலோயூல் அலகைப் பயன்படுத்துவதால், அம்மதிப்புகளை 4.184 ஆல் வகுத்துக் கிலோகலோரியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

உணவின் ஆற்றலை அதன் சத்துகளின் அளவிலிருந்து கணக்கிடும் முறையை அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஒலின் அட்வாட்டர் (1844–1907) வகுத்தார். உணவை முழுமையாக எரித்தால் கிடைக்கும் வெப்பத்திலிருந்து, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறும் பகுதியைக் கழித்து, உடலுக்குப் பயன்படும் ஆற்றலை அவர் மதிப்பிட்டார். இதன்படி புரதத்திற்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கிலோகலோரி என்னும் பொதுக் காரணிகள் வழக்கில் உள்ளன.

பிற்காலத்தில் தனித்தனி உணவுகளுக்கான சிறப்புக் காரணிகளும் உருவாக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பயன்படுத்தும் காரணிகள் புரதத்துக்கு 3.82, கொழுப்புக்கு 8.37, மாவுச்சத்துக்கு 4.16 ஆகும். அத்துறையின் அட்டவணையில் 100 கிராம் நீளமணி வெள்ளை அரிசியில் 7.13 கிராம் புரதம், 0.66 கிராம் கொழுப்பு, 79.95 கிராம் மாவுச்சத்து உள்ளன. சிறப்புக் காரணிகளால் கணக்கிட்டால் 365 கிலோகலோரியும், பொதுக் காரணிகளால் கணக்கிட்டால் 354 கிலோகலோரியும் கிடைக்கின்றன. ஒரே அரிசிக்கு இரு நூல்களில் பத்துப் பதினைந்து கிலோகலோரி வேறுபாடு காணப்படுவதற்கு இக்காரணித் தேர்வும் ஒரு காரணமாகும். இவ்வேறுபாடு மூன்று விழுக்காடு அளவே. அரிசியைச் சோறு என்று எழுதுவதால் வரும் பிழையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

## சமைக்கும்போது நிகழ்வது

அரிசியின் பெரும்பகுதி மாப்பொருள் ஆகும். இது மாவுச்சத்தின் ஒரு வகை. அமைலோசு, அமைலோபெக்டின் என்னும் இரு மூலக்கூறுகளால் ஆன நுண்மணிகளாக இது அரிசியினுள் இறுகி அடுங்கியிருக்கிறது. உலர்ந்த அரிசியில் நீரின் அளவு பொதுவாக 10 முதல் 14 விழுக்காடு வரை இருக்கும்.

நீரில் இட்டுச் சூடாக்கும்போது, வகையைப் பொறுத்து ஏறத்தாழ 55 முதல் 79 பாகை செல்சியசு வெப்பநிலையில் இந்நுண்மணிகள் தம் ஒழுங்கமைப்பை இழந்து, நீரை ஏற்றுப் பருத்து, கூழ்நிலை அடைகின்றன. அரிசி மென்மையான சோறாவது இதனாலேயே. இம்மாற்றத்தில் மாப்பொருள் அழிவதில்லை. அதே மாப்பொருள் கூடுதல் நீருடன் கலந்து பெரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. செரிமான நொதிகள் அதனை எளிதில் அணுகவும் முடிகிறது.

ஆகவே நீரை வடிக்காமல் சமைக்கும்போது, பானையில் இட்ட அரிசியின் மொத்த ஆற்றலும் சோற்றின் மொத்த ஆற்றலும் நடைமுறையில் ஒன்றே. மாறுவது எடையும், அதனால் ஒரு கிராமுக்கு உரிய ஆற்றலுமே. இந்த ஆற்றல் அளவு கலோரி அடர்த்தி எனப்படுகிறது.

## அட்டவணை மதிப்புகள்

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை, அரிசிக்கும் சோற்றுக்கும் தனித்தனி மதிப்புகளைத் தருகிறது. கீழே உள்ளவை 100 கிராமுக்கு உரியவை.

| வகை | அரிசி (கிலோகலோரி) | அரிசியில் நீர் (கிராம்) | சோறு (கிலோகலோரி) | சோற்றில் நீர் (கிராம்) |
|---|---|---|---|---|
| நீளமணி வெள்ளை அரிசி | 365 | 11.6 | 130 | 68.4 |
| நீளமணிப் புழுங்கலரிசி | 374 | 9.9 | 123 | 70.4 |
| நீளமணித் தீட்டாத அரிசி | 367 | 11.8 | 123 | 70.3 |
| ஒட்டரிசி | 370 | 10.5 | 97 | 76.6 |

இவ்வெண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதை எளிதில் சரிபார்க்கலாம். வெள்ளை அரிசியில் நீர் நீங்கலான உலர்பொருள் 88.4 கிராம், சோற்றில் 31.6 கிராம். இவற்றின் விகிதம் 2.8. கலோரி மதிப்புகளான 365, 130 ஆகியவற்றின் விகிதமும் 2.8 ஆகும். ஒட்டரிசிக்கு இரு விகிதங்களும் 3.8 அளவில் அமைகின்றன. அதாவது அரிசிக்கும் சோற்றுக்கும் இடையிலான கலோரி வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் நீரால் வந்ததே. ஒட்டரிசிச் சோற்றில் 97 கிலோகலோரி மட்டுமே உள்ளது என்பதால் ஒட்டரிசி கலோரி குறைந்தது என்று கொள்வதும் தவறு. அந்த மதிப்பு அளக்கப்பட்ட சோற்றில் நீர் மிகுந்திருந்தது என்பதே அதன் பொருள்.

இந்தியாவில் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணைகளின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 1491 கிலோயூல், அதாவது 356 கிலோகலோரி உள்ளது. புழுங்கலரிசிக்கு உரிய மதிப்பு 1471 கிலோயூல், அதாவது ஏறத்தாழ 352 கிலோகலோரி. அந்நிறுவனத்தின் முந்தைய நூலில் பச்சரிசிக்கு 345 கிலோகலோரி எனக் குறிக்கப்பட்டிருந்தது. பழைய மதிப்பில் அரிசியின் ஈரப்பதம் 13.7 விழுக்காடு, புதியதில் 9.93 விழுக்காடு. ஈரப்பதம் குறைந்தால் அதே 100 கிராமில் உலர்பொருள் கூடும் என்பதால், இவ்வேறுபாட்டிலும் நீருக்குப் பங்குண்டு.

இந்திய அட்டவணைகளில் தானியங்களும் பருப்புகளும் சமைக்காத நிலையிலேயே தரப்பட்டுள்ளன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கடைகளில் விற்கும் அரிசிப் பொட்டலத்தின் மீது அச்சிடப்படும் மதிப்பும் பொதுவாகப் பொட்டலத்தினுள் உள்ள அரிசிக்கே உரியது.

## எடைப்பெருக்கக் காரணி

சோற்றின் எடையை அரிசியின் எடையால் வகுத்தால் கிடைப்பது எடைப்பெருக்கக் காரணி எனக் கொள்ளப்படும்.

எடைப்பெருக்கக் காரணி = சோற்றின் எடை ÷ அரிசியின் எடை

100 கிராம் சோற்றின் கலோரி = 100 கிராம் அரிசியின் கலோரி ÷ எடைப்பெருக்கக் காரணி

100 கிராம் அரிசிக்கு 356 கிலோகலோரி எனக் கொண்டால், பல்வேறு காரணிகளுக்கான மதிப்புகள் வருமாறு:

| எடைப்பெருக்கக் காரணி | 100 கிராம் சோற்றில் கிலோகலோரி |
|---|---|
| 2.2 | 162 |
| 2.5 | 142 |
| 2.8 | 127 |
| 3.0 | 119 |
| 3.5 | 102 |
| 4.0 | 89 |

இக்காரணி ஒரு மாறிலி அன்று. அது பின்வருவனவற்றைப் பொறுத்து மாறும்:

* சேர்க்கும் நீர்: உதிரியாக வடிக்கும் சோற்றைவிடக் குழைந்த சோற்றிலும் கஞ்சியிலும் நீர் மிகுதி.
* அரிசியின் வகை: புழுங்கலரிசிக்குப் பச்சரிசியைவிடக் கூடுதல் நீரும் நேரமும் தேவைப்படுகின்றன.
* அரிசியின் வயது: புதிய அரிசி விரைவில் குழையும். பழைய அரிசி கூடுதல் நீரை ஏற்று உதிரியாகப் பருக்கும்.
* பாத்திரம்: திறந்த பானையில் நீர் ஆவியாகி வெளியேறும். அழுத்தக் கொதிகலனில் (குக்கர்) இவ்விழப்பு குறைவு.
* சமைத்த பின் ஆவியாதல்: திறந்து வைத்த சோறு ஆறும்போது எடை குறைகிறது. மொத்தக் கலோரி மாறாவிடினும் கிராமுக்கு உரிய கலோரி சற்றுக் கூடுகிறது.

ஒரு வீட்டின் 100 கிராம் சோறும் மற்றொரு வீட்டின் 100 கிராம் சோறும் கலோரியில் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். செயலியில் 'சோறு, 130 கிலோகலோரி' என்று காணப்படுவது ஒரு குறிப்பிட்ட சமையலின் மதிப்பே.

## வீட்டில் கணக்கிடும் முறை

அரிசியை எடைபோட்டுத் தொடங்கும் முறையே மிகவும் நம்பகமானது. இதற்குச் சமையலறைத் தராசு ஒன்று போதும்.

1. வெறும் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளவும்.
2. கழுவுவதற்கு முன் அரிசியை எடைபோடவும். கழுவிய அரிசியில் நீர் ஒட்டியிருப்பதால் எடை கூடுதலாகக் காட்டும்.
3. வழக்கம்போல் சமைக்கவும்.
4. சோற்றுடன் பாத்திரத்தை எடைபோட்டு, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழிக்கவும்.
5. அரிசியின் மொத்தக் கலோரியைச் சோற்றின் எடையால் வகுக்கவும்.
6. கிடைத்த விடையைத் தட்டில் இட்ட சோற்றின் எடையால் பெருக்கவும்.

எடுத்துக்காட்டாக, 400 கிராம் பச்சரிசி சமைக்கப்படுவதாகக் கொள்வோம். மொத்த ஆற்றல் 4 × 356 = 1424 கிலோகலோரி. வெறும் பாத்திரம் 850 கிராம், சோற்றுடன் 1970 கிராம் எனில் சோற்றின் எடை 1120 கிராம். எடைப்பெருக்கக் காரணி 2.8. ஒரு கிராம் சோற்றில் 1424 ÷ 1120 = 1.27 கிலோகலோரி. ஒருவர் 240 கிராம் சோறு உண்டால் அவர் பெறுவது ஏறத்தாழ 305 கிலோகலோரி.

அதே அரிசி, அதே நீர், அதே பாத்திரம் எனத் தொடர்ந்து சமைக்கும் வீட்டில், இரண்டு மூன்று முறை அளந்து கிடைக்கும் சராசரிக் காரணியைப் பின்னர் நாள்தோறும் பயன்படுத்தலாம். சமைத்த சோறு முழுவதையும் குடும்பத்தினர் பகிர்ந்து உண்ணும்போது, பங்கை நேரடியாகவும் கணக்கிடலாம். மொத்தச் சோற்றில் நான்கில் ஒரு பங்கை உண்டவர் 400 கிராம் அரிசியில் 100 கிராம் அரிசியை உண்டவராகிறார். இம்முறையில் சோற்றின் நீரளவு கணக்கினுள் வருவதே இல்லை.

எண்ணெய், நெய், தேங்காய், தயிர் ஆகியவை சேர்க்கப்பட்டால் அவற்றைத் தனியே கூட்டவேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 40 கிலோகலோரி தரும். தாளித்த சோற்றில் இத்தகைய நான்கு தேக்கரண்டிகள் சேர்ந்தால், அது ஏறத்தாழ 125 கிராம் வெறுஞ்சோற்றின் ஆற்றலுக்குச் சமம்.

## வடித்த சோறு

நிறைய நீரில் அரிசியை வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடும் முறையில், மாப்பொருளின் ஒரு பகுதி கஞ்சியுடன் வெளியேறுகிறது. எனவே இங்கு அரிசியின் ஆற்றல் முழுவதும் சோற்றில் தங்குவதில்லை. கஞ்சி வெண்மையாகவும் கொழகொழப்பாகவும் இருப்பதும், ஆறியபின் ஆடை படிவதும், துணிகளுக்கு விறைப்பூட்ட அது பயன்படுவதும் அதிலுள்ள மாப்பொருளால்தான்.

வெளியேறும் அளவு அரிசியின் வகை, நீரின் அளவு, வெந்த நேரம் ஆகியவற்றுக்கேற்ப வேறுபடும். வேண்டுமெனில் இதனை வீட்டிலேயே மதிப்பிடலாம். வடித்த கஞ்சி முழுவதையும் எடைபோட்டு, நன்கு கலக்கி, அதில் 100 கிராமை எடுத்து அகன்ற தட்டில் ஊற்றி முற்றிலும் உலர்த்தி, எஞ்சும் பொருக்கை எடைபோட்டால் மொத்த இழப்பு தெரியவரும்.

மேற்கண்ட 400 கிராம் அரிசியிலிருந்து வடித்த கஞ்சியில் 20 கிராம் உலர்பொருள் இருந்ததாகக் கொண்டால், இழப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. சோற்றில் எஞ்சுவது ஏறத்தாழ 1350 கிலோகலோரி. வடித்த சோறு 1240 கிராம் எனில் ஒரு கிராமுக்கு 1.09 கிலோகலோரி. இங்கும் கலோரி அடர்த்தி குறைந்ததில் பெரும்பங்கு கூடுதல் நீருக்கே உரியது. மாப்பொருள் இழப்பின் பங்கு சிறிது. கஞ்சியைக் குடிப்பவர் அந்த 5 விழுக்காட்டையும் பெற்றுவிடுகிறார்.

வடிப்பதால் கலோரி சிறிதளவே குறைகிறது. ஆனால் நீரில் கரையும் பி தொகுதி உயிர்ச்சத்துகளும் கஞ்சியுடன் வெளியேறுகின்றன. ஆகவே கலோரியைக் குறைப்பதற்கென்றே வடித்துக் கஞ்சியைக் கொட்டுவது பயன் குறைந்த வழியாகும்.

## கொள்ளளவு அளவைகள்

கோப்பை, ஆழாக்கு, படி போன்றவை கொள்ளளவை அளப்பவை. எடையை அளப்பவை அல்ல. அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே கோப்பையைப் பயன்படுத்தும்போது கணக்கு பெரிதும் பிழைபடும். அமெரிக்க அட்டவணையில் ஒரு கோப்பை நீளமணி வெள்ளை அரிசி 185 கிராம் எடையும் ஏறத்தாழ 675 கிலோகலோரியும் உடையது. அதே கோப்பை நிறையச் சோறு 158 கிராம் எடையும் 205 கிலோகலோரியும் உடையது. மின் சோறாக்கிகளுடன் தரப்படும் கோப்பை பெரும்பாலும் 180 மில்லிலீட்டர் கொண்டது. அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும். 168 மில்லிலீட்டர் கொள்ளும் ஆழாக்கில் ஏறத்தாழ 140 கிராம் அரிசி பிடிக்கும்.

இலங்கைத் தமிழர் வழக்கில் உள்ள சுண்டு, கொத்து ஆகியவையும் கொள்ளளவு அளவைகளே. எந்த அளவையானாலும், அதில் பிடிக்கும் அரிசியை ஒருமுறை எடைபோட்டுக் குறித்துக்கொண்டால் பின்னர் தராசு இல்லாமலும் கணக்கிடலாம். சோற்றைக் கோப்பையாலோ அகப்பையாலோ அளப்பது இதைவிடத் துல்லியம் குறைந்தது. அழுத்தி வைத்த சோறும் உதிரியான சோறும் ஒரே கோப்பையில் வெவ்வேறு எடை காட்டும்.

## ஆறிய சோறும் பழைய சோறும்

சோறு ஆறும்போது கூழ்நிலை அடைந்த மாப்பொருளின் ஒரு பகுதி மீண்டும் இறுகுகிறது. அதில் சிறிதளவு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடைகிறது. இது 'எதிர்ப்பு மாப்பொருள்' எனப்படும். பெருங்குடல் நுண்ணுயிர்கள் இதனைப் புளிக்கச் செய்வதால் கிராமுக்கு 4 கிலோகலோரிக்கு மாறாக ஏறத்தாழ 2 கிலோகலோரியே உடலுக்குக் கிடைக்கிறது.

இதனைக் கொண்டு, குளிரூட்டிய சோற்றில் கலோரி பாதியாகக் குறைந்துவிடும் என்ற கருத்து பரவியுள்ளது. கொழும்பு வேதியியல் அறிவியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில், தேங்காயெண்ணெய் சேர்த்துச் சமைத்து 12 மணி நேரம் குளிரூட்டும் முறையொன்றை முன்வைத்தனர். தகுந்த அரிசி வகையில் 50 முதல் 60 விழுக்காடு வரை கலோரி குறையக்கூடும் என்று அவர்கள் கூறியது செய்தித்தாள்களில் பெரிதாக வெளிவந்தது. அது சிறந்த வகைக்கான எதிர்பார்ப்பே தவிர எல்லாச் சோற்றுக்கும் உரிய அளவீடு அன்று.

அதே ஆண்டு வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், புதிதாகச் சமைத்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 0.64 கிராம் எதிர்ப்பு மாப்பொருளும், 4 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைத்து மீண்டும் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமும் அளவிடப்பட்டன. கூடுதல் 1.01 கிராம். கிராமுக்கு 2 கிலோகலோரி குறைவு எனக் கொண்டால் 100 கிராம் சோற்றுக்கு ஏறத்தாழ 2 கிலோகலோரியே மிச்சமாகிறது. அவ்வாய்வில் குளிரூட்டிய சோற்றை உண்டபின் குருதிச் சர்க்கரை ஏற்றம் குறைந்தது. குருதிச் சர்க்கரை ஏறும் வேகமும் மொத்தக் கலோரியும் வெவ்வேறு அளவுகள் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

நீரூற்றிய பழைய சோற்றைக் கணக்கிடுவோர், நீரூற்றுவதற்கு முன் இருந்த சோற்றின் எடையையே எடுத்துக்கொள்ளவேண்டும். மறுநாள் நீருடன் எடைபோட்டுச் சோற்றின் மதிப்பால் பெருக்கினால் ஊற்றிய நீருக்கும் கலோரி எழுதப்பட்டுவிடும். சோறு ஊறிய நீரைக் கொட்டாமல் பருகினால் மொத்த ஆற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

## கணக்குத் தவறினால்

நீரிழிவு நோய்: உணவுக்கு முன் இன்சுலின் ஏற்றிக்கொள்வோரில் பலர், உணவில் உள்ள மாவுச்சத்தைக் கிராமில் கணக்கிட்டு அதற்கேற்ப மருந்தின் அளவை அமைக்கின்றனர். ஒருவருக்கு 15 கிராம் மாவுச்சத்துக்கு ஓர் அலகு இன்சுலின் என மருத்துவர் வரையறுத்திருப்பதாகக் கொள்வோம். 150 கிராம் சோற்றில் ஏறத்தாழ 42 கிராம் மாவுச்சத்து உள்ளது. தேவையான இன்சுலின் ஏறத்தாழ 3 அலகு. அவர் தவறுதலாக அரிசிக்குரிய 80 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் 120 கிராம் மாவுச்சத்து எனக் கணக்காகி, 8 அலகு ஏற்றிக்கொள்வார். இதனால் குருதிச் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்து, நடுக்கம், வியர்வை, மயக்கம், நினைவிழப்பு ஆகியன ஏற்படலாம்; உயிருக்கும் தீங்கு நேரலாம். மாறாக 60 கிராம் அரிசியை எடைபோட்டுச் சமைத்துவிட்டுச் சோற்றுக்குரிய மதிப்பால் கணக்கிடுபவர், 48 கிராம் மாவுச்சத்தை 17 கிராம் என்று கருதி, தேவையைவிடக் குறைந்த இன்சுலினை ஏற்றிக்கொள்வார். ஆகவே புதிய செயலிக்கோ அட்டவணைக்கோ மாறும்போது, அது அரிசியைச் சொல்கிறதா, சோற்றைச் சொல்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

உடல் எடை: 100 கிராம் அரிசியை எடைபோட்டு '100 கிராம் சோறு' என்று பதிபவர், ஏறத்தாழ 356 கிலோகலோரியை 130 என்று எழுதுகிறார். நாளுக்கு இருவேளை இவ்வாறு நிகழ்ந்தால் ஏறத்தாழ 450 கிலோகலோரி கணக்கில் வராது. 'அளந்து உண்டும் எடை குறையவில்லை' என்ற முறையீட்டுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்த்திசையில், 300 கிராம் சோறு உண்டவர் அரிசியின் மதிப்பால் கணக்கிட்டால் ஏறத்தாழ 390 கிலோகலோரி 1000 கிலோகலோரிக்கு மேல் எனத் தெரியும். அவர் தேவையின்றித் தம் உணவைக் குறைத்துக்கொள்ள நேரிடும். முதியோருக்கும் நோயிலிருந்து தேறுவோருக்கும் இது ஊட்டக்குறைவை உண்டாக்கக்கூடும்.

உணவுத் திட்டங்கள்: அரசு வரையறைகள் பெரும்பாலும் சமைக்காத தானியத்தின் எடையில் அமைந்துள்ளன. இந்திய நடுவண் அரசின் பள்ளி மதிய உணவு வரையறையில் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் ஆகியவற்றின் வழியே 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்கவேண்டும். இதில் 100 கிராம் அரிசி மட்டும் ஏறத்தாழ 356 கிலோகலோரி தருகிறது. தட்டில் விழும் 100 கிராம் சோறே இவ்வளவு என்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால், மாணவருக்கு அரிசி வழியாகக் கிடைப்பது ஏறத்தாழ 130 கிலோகலோரி மட்டுமே. வரையறை சொல்லும் 100 கிராம் அரிசி, தட்டில் ஏறத்தாழ 280 கிராம் சோறாக இருக்கவேண்டும். அதுபோலவே, 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோகிராம் தானியம் வழங்க வகைசெய்கிறது. அது முழுவதும் அரிசியானால் நாளுக்கு ஏறத்தாழ 167 கிராம் அரிசி, அதாவது ஏறத்தாழ 590 கிலோகலோரி ஆகிறது.

## பொதுவான தவறான கருத்துகள்

* 'சமைத்தால் கலோரி குறையும்.' மொத்தக் கலோரி குறைவதில்லை. ஒரு கிராமுக்கு உரிய கலோரியே குறைகிறது.
* 'சோற்றைவிட அவல் கொழுப்பூட்டும்.' அவலும் பொரியும் உலர்ந்த நிலையில் இருப்பதால் 100 கிராமுக்கு உரிய மதிப்பில் அரிசியை ஒத்திருக்கின்றன. அவற்றை அரிசியுடன் ஒப்பிடவேண்டும், சோற்றுடன் அன்று.
* 'தீட்டாத அரிசியில் கலோரி மிகக் குறைவு.' எடைக்கு எடை அதன் கலோரி வெள்ளை அரிசியை ஒட்டியதே. நார்ச்சத்து, உயிர்ச்சத்து, கனிமங்கள் ஆகியவற்றிலேயே அதன் சிறப்பு உள்ளது.
* 'சமைத்தால் எல்லா உணவின் கலோரியும் கிராமுக்குக் குறையும்.' அரிசி, பருப்பு, சேமியா ஆகியவை நீரை ஏற்பதால் குறைகிறது. இறைச்சியும் மீனும் சமைக்கும்போது நீரை இழப்பதால், அவற்றில் கிராமுக்கு உரிய கலோரி கூடுகிறது.

## இவற்றையும் பார்க்க

* அரிசி
* சோறு
* புழுங்கலரிசி
* மாப்பொருள்
* நீரிழிவு நோய்